அறுபத்து மூன்று படிகள் ஏறிய பீப்பாய்

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் பழைய சந்தைக்குப் பின்னால், ஒரு வீட்டுக்காரி காயப்போட்ட போர்வை எதிர்வீட்டுக்காரியின் சன்னல் வெயிலை மறைத்துவிடும் அளவுக்கு ஒடுங்கிய சந்து ஒன்றில், மூன்று மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது, இப்போதும் இருக்கிறது, நம்பாதவர்கள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் கட்டடத்தின் நிலத்தளத்துச் சாமான் அறையில் பன்னிரண்டு வருடம் அசையாமல் இருந்த வைன் பீப்பாய் ஒன்று, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், யாரிடமும் ஒரு சொல் சொல்லாமல் படியேறத் தொடங்கியது. அன்று அது ஏறியது ஏழு படி.

பீப்பாயின் சொந்தக்காரர் சிஞோர் நுன்சியோ என்ற எழுபது வயதுத் தச்சர். மனைவியை இழந்தவர், மலைக்கு அந்தப் பக்கம் தம்பியின் தோட்டத்தில் காய்க்கும் நேரோ தாவோலா என்ற கறுத்த திராட்சையை வருடத்துக்கு ஒரு பீப்பாய் அளவுக்குப் பிழிந்து புளிக்கவைத்து, இரவைப் போலக் கறுத்த அந்த வைனைத் தானும் குடித்து வந்தவர் போனவருக்கும் ஊற்றிக் கொடுத்துக் காலம் கழிப்பவர். அன்று முற்பகல் அவர் அறையைத் திறந்தபோது பீப்பாய் இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. கள்ளனைத் தேடி வெளியே வந்தவர் ஏழாம் படியில் பீப்பாயைக் கண்டு, களைத்துப்போய் நின்ற பழைய நண்பனைப் பார்ப்பதுபோலக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தூக்கிக் கீழே வைக்க நாலு பேரைக் கூப்பிட்டார்.

மூன்றாம் மாடியில் தவமலர் இருந்தாள். கணவன் இராசநாயகத்தோடு இருபத்தேழு வருடமாக அதே வீடு. முதல் பதினெட்டு வருடம் அவள் பெரிய தெருவில் ஒரு சிஞோராவின், இத்தாலிய எசமானியின், வீட்டில் துடைத்துக் கழுவிச் சமைத்தாள், அந்தச் சிஞோராதான் அவளுக்கு இறைச்சிச் சூகோ என்ற கெட்டிக் குழம்பு வைக்கப் பழக்கினாள்: வெங்காயம், கரட், செலரித் தண்டு மூன்றையும் பொடியாக அரிந்து எண்ணெயில் இளக வதக்கி, கொத்திய இறைச்சியைப் போட்டு அது தன் தண்ணீரை விட்டுத் திரும்ப இழுக்கும்வரை பொறுத்திருந்து, ஒரு கோப்பை சிவப்பு வைன் ஊற்றி, அது வற்றியபின் தக்காளியைச் சேர்த்து, காலை ஆறு மணிக்கு வைத்தால் மதியம் வரைக்கும் அடுப்பைச் சிணுங்கவிட வேண்டும். சிஞோரா கண்மூடியபோது சூகோ வைக்கும் அடிகனத்த செம்புச் சட்டி தவமலருக்கு வந்தது. வந்த நாளிலிருந்து அவள் அதில் ஆட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் பாதிக்குப் பாதி போட்டு, வறுத்த யாழ்ப்பாணத்து மிளகாய்த் தூள் ஒன்றரைக் கரண்டி சேர்த்து, வைன் ஊற்ற வேண்டிய இடத்தில் புளியைக் கரைத்து விட்டாள்.

வைனுக்குப் புளி பதிலா என்று எந்த இத்தாலியனும் கேட்பான். ஆனால் தவமலரின் வாசலுக்குள் குடி வரக்கூடாது, அது அவள் போட்ட சட்டம். தகப்பன் கள்ளுக்குப் போன பின்னேரங்களில் தாய் வாசல் படலையடியில் நின்ற நிலையை அவள் மறக்கவில்லை. புளிவிட்ட சூகோவும் நல்லாய்த்தான் இருந்தது, பாஸ்தாவுக்கும் இடியப்பத்துக்கும் ஒரேபோலப் பொருந்தியது, இரண்டாம் மாடியில் இருந்த தமிழ்ப்பெண் எமில்டா சட்டியை வழித்துத் தரச்சொல்லிக் கேட்கும் அளவுக்கு இருந்தது. ஆனாலும் விழுங்கியபிறகு நாக்கில் கொழுப்பு ஒரு படையாக நின்றுகொண்டு எதையோ கேட்கும். என்ன கேட்கிறது என்று தவமலருக்குத் தெரியும், தெரியாதமாதிரி இருந்துவிட்டாள்.

இராசநாயகம் ஞாயிறு பதினொரு மணிக்கு, "குப்பை போட்டிட்டு வாறன்" என்று குப்பைப் பைக்குக் கீழே ஒரு கிண்ணம் சூகோவை மறைத்துக்கொண்டு இறங்குவார், நுன்சியோவின் பீப்பாயடியில் இருந்து இரண்டு பேருமாகப் பாணைத் தோய்த்துச் சாப்பிட்டு இரண்டு கோப்பை குடிப்பார்கள், பிறகு பெருஞ்சீரகத்தை மென்றுகொண்டு நல்ல பிள்ளையாக மேலே வருவார். கெட்டிக்காரத்தனம் என்பது அவருடைய நினைப்பு. அடுப்புக்கு மேலிருந்த குசினிச் சன்னல் கட்டடத்தின் நடுமுற்றத்தைப் பார்த்துத்தான் திறக்கும், நிலத்தளத்தில் இருமினால் மூன்றாம் மாடியில் கேட்கும். அந்தக் கிண்ணத்தை வாரா வாரம் கழுவித் துடைத்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்ததே தவமலர்தான்.

இந்த வீட்டில் இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் இலண்டன் கதை வந்தது. பலெர்மோத் தமிழர் பாதிப்பேர் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள், இராசநாயகத்தின் அண்ணரும் போய், பக்கத்திலேயே படியில்லாத ஒரு கீழ்வீடு பார்த்துவைத்துவிட்டு ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கூப்பிட்டார். இராசநாயகத்தின் முழங்கால் அறுபத்து மூன்று படியையும் எண்ணி எண்ணி வலித்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு டிக்கட் எடுத்தாயிற்று, கன்றுக்குட்டி படுக்கக்கூடிய அளவில் நீலநிறச் சூட்கேசு ஒன்றும் வாங்கியாயிற்று. தவமலர் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டன் என்றும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் அவளுக்குச் சீதனமாக வந்த வீட்டை விட்டு, அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்க, ஷெல்லுக்குப் பயந்து ஒரு பின்னேரம் வெளிக்கிட்டவள் அவள். அந்தச் சோற்றை யாரும் இறக்கவில்லை, அந்த வீடும் பிறகு இல்லை. இந்த வீட்டையும் விட்டு வெளிக்கிட அவளால் ஏலாது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை.

பீப்பாய் முதன்முதல் ஏறியதற்கு அடுத்த ஞாயிறும் சூகோ கொதித்தது, இறக்கி வைத்த பீப்பாய் மறுபடி ஏழாம் படியில் நின்றது. அன்று தூக்கி வைக்க நாலு பேர் கிடைக்கவில்லை, எல்லோரும் கடலுக்குப் போயிருந்தார்கள். விட்டுவிட்டார்கள், அதற்கடுத்த ஞாயிறு பீப்பாய் பதினான்காம் படிக்குப் போயிற்று. பிறகு தூக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அது நகர்வதை ஒருவரும் கண்டதில்லை. பார்த்துக்கொண்டே நின்றால் நிற்கும், தும்மினாலோ திரும்பிக் கதவைச் சாத்தினாலோ ஒரு படி மேலே இருக்கும், சூகோ கொதிக்காத நாளில் தவமிருக்கும்.

பீப்பாய் முதலாம் மாடிக்கு வந்த வாரம் அங்கே குடியிருந்த சிஞோரா நினெட்டா அதன்மேல் பின்னல் விரிப்புப் போட்டு, சந்தையிலிருந்து வரும்போது கத்தரிக்காய்ப் பையை இறக்கி மூச்சுவாங்க ஒரு இடம் கிடைத்தது என்று சந்தோசப்பட்டாள். தபால்காரர் கடிதங்களை அதன் தலையில் வைத்துவிட்டுப் போனார், மூன்றாம் மாடிக்கு ஏறுகிற வேலை அவருக்கு மிச்சம். பங்குத்தந்தையை எமில்டா கூட்டிக்கொண்டு வந்தாள்; அவர் பீப்பாயில் காதை வைத்துக் கேட்டு, உள்ளே இருப்பது வைன்தான், வேறொன்றும் இல்லை, வைன் விருந்துக்குப் போவது வேதத்திலேயே இருக்கிறது என்று சொல்லி, ஒரு கோப்பை ஊற்றுவீர்களா என்று பார்த்தார். நுன்சியோ குழாயை மெழுகால் அடைத்துவிட்டிருந்தார். போகிற இடத்துக்குப் போய்ச் சேருமட்டும் வழியில் அதைத் தொடக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

அதனால் அவரும் இராசநாயகமும் கடையில் வாங்கிக் குடிக்கவேண்டி வந்தது, அப்போதுதான் அவர்களுக்கு ஒன்று விளங்கியது. வெள்ளை வைனைச் சூகோ ஒரே வாயில் விழுங்கிவிட்டது. இனிப்பு வைன் தூளோடு சண்டைக்குப் போயிற்று. மெல்லிய சிவப்பு ஒன்று, பெயர்பெற்ற ஊரிலிருந்து வந்ததாம், தண்ணீர் குடித்த மாதிரி இருந்தது. நுன்சியோ முற்றத்தில் நின்று விளக்கம் சொன்னது தவமலரின் சன்னலுக்கு ஏறி வந்தது: "கொழுத்த இறைச்சி நாக்கில் போர்த்துக்கொண்டு படுத்துவிடும், ராசா. அதை எழுப்ப வைனில் துவர்ப்பு வேண்டும். தக்காளிக்கு ஈடுகொடுக்கப் புளிப்பு வேண்டும். உன் மனைவியின் மிளகாய்க்கு முன்னால் நிற்கக் கொஞ்சம் பழக்குணமும் வேண்டும். மூன்றும் இருக்கிறவன் படியில் நிற்கிறான்."

"அப்பிடியெண்டா அது ஏன் ஏறுதெண்டு விளங்குது" என்று எமில்டா இரண்டாம் மாடியிலிருந்தே குரல் கொடுத்தாள். "அது பொம்பிளை பார்க்கப் போகுது!"

இதற்குப் பிறகு அந்தக் கட்டடத்தில் வேறு பேச்சில்லை. ஊரில் அரசுக்கும் வேம்புக்கும் கலியாணம் செய்து வைக்கிற சனம் நாங்கள், பீப்பாய்க்கும் சட்டிக்கும் செய்தால் என்ன குறைந்துவிடும் என்று எமில்டா கேட்டாள். கத்தோலிக்கப் பெண், ஆனாலும் கலியாணமென்றால் அவளுக்குச் சாமி முக்கியமில்லை. நினெட்டா சட்டிக்கு வெள்ளை வலைத்துணி தைக்கத் தொடங்கினாள். தவமலர் சிரித்துக்கொண்டு, "அது என்ர சட்டி, நான்தான் தாய், என்னட்டை ஒருதரும் கேக்கேல்லையே" என்றாள். ஆனால் பீப்பாய் இரண்டாம் மாடியைத் தாண்டி நாற்பத்தொன்பதாம் படிக்கு வந்தபோது, அவளுடைய வீட்டு வாசலிலிருந்து எட்டிப் பார்த்தால் அதன் தலை தெரிந்தது, அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு உள்ளே போய்த் தலையை வாரினாள். ஏன் வாரினாள் என்று அவளுக்கே தெரியாது.

சிக்கல் அந்த நாற்பத்தொன்பதாம் படியில்தான் வந்தது. மேல் படிக்கட்டு ஒடுக்கம். பீப்பாயைத் தாண்டி ஆள் பக்கவாட்டாகப் போகலாம், நீலச் சூட்கேசு போகாது. டிக்கட் எடுத்த செவ்வாய்க்கிழமைக்குப் பதினாறு நாள் இருந்தது.

"இதை இப்பிடியே விட்டா நாங்கள் எப்பிடி வெளிக்கிடுறது?" என்றார் இராசநாயகம். "கலியாணத்தைக் கெதியாச் செய்து விடுவம். சட்டியைக் கீழ கொண்டு போவம், பீப்பாய் தன்ர அறையிலயே இருக்கட்டும், பொம்பிளை அங்க போகட்டும்."

நுன்சியோவுக்கும் நினெட்டாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. அவர்கள் ஊரில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். தவமலருக்கு எங்கேயோ இடித்தது. ஆனால் எல்லோரும் உடுப்பு மாற்றிக்கொண்டு தயாராக நிற்கையில் வாயைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிறு விடிய, அடுப்பு மூட்டமுதல், நாலு பேர் பீப்பாயை நாற்பத்தொன்பது படியும் இறக்கிப் பழைய இடத்தில் வைத்தார்கள். பின்னாலே தவமலர் வலைத்துணி போர்த்த சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு இறங்கினாள், வாசலைத் தாண்டும்போது அது சட்டென்று இரட்டைப் பாரமானதுபோல இருந்தது. சாமான் அறையில் எரிவாயு அடுப்பு ஒன்று வைத்து ஆறு மணித்தியாலம் சூகோ கொதித்தது, எமில்டா சட்டியின் கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டினாள், நினெட்டா சந்துச் சனம் முழுவதற்கும் பாஸ்தா அவித்துக் கொட்டினாள், நுன்சியோ மெழுகை உரித்துக் குழாயைத் திருகினார்.

ஒரு துளி வரவில்லை. பீப்பாயைத் தட்டினால் நிறைந்த சத்தம், குழாயில் காற்றுக்கூட இல்லை. தவமலர் சூகோவைக் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பும் உறைப்பும் இறைச்சியும் எல்லாம் போட்டபடி இருந்தன, சுவையைத்தான் காணவில்லை. முப்பது பேர் வெறுங்கோப்பையோடு நின்றார்கள்.

"நான் ஏதாவது பிழை செய்துவிட்டேனா?" என்று நுன்சியோ தன் மொழியில் பீப்பாயிடம் கேட்டார்.

"நீங்கள் இல்லை, சிஞோரே" என்றாள் தவமலர். அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, இரண்டுக்கும் நடுவில் சிரிப்பும் வந்தது. இராசநாயகத்தின் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, எங்கட ஊரில ஆர் ஆரிட்டை வாறது? மாப்பிள்ளைதானே பொம்பிளை வீட்டை வாறவர்? எட்டு வாரமா அது முறைப்படி படியேறி வந்துகொண்டிருந்துது. நாங்கள் அதைப் பிடிச்சு இறக்கிப்போட்டு, பொம்பிளையைத் தூக்கிக்கொண்டு வந்து வைச்சிருக்கிறம். சபையில வைச்சு அவமானப்படுத்தினா எந்த மாப்பிள்ளை வாய் திறப்பார்?"

இராசநாயகம் தலையைச் சொறிந்தார்.

"நீங்களும் அப்பிடித்தானே வந்தனீங்கள்" என்றாள். "கொடிகாமத்துக்கு ஒரு பெட்டியோட வந்தனீங்கள். பேந்து இஞ்ச, நான் முதல் வந்து இந்த வீட்டை எடுத்து வைச்சிருக்க, அதே பெட்டியோட இந்தப் படியில ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு நிண்டு ஏறி வந்தனீங்கள். ரெண்டு தரமும் என்ர வீட்டைத்தான் வந்தனீங்கள். இப்ப என்னை வெளிக்கிடச் சொல்லுறியள். நான் ஒருக்கா வீட்டை விட்டு வெளிக்கிட்டது காணுமப்பா. இனி வெளிக்கிடமாட்டன். உங்களுக்குக் கால் ஏலாதெண்டா நீங்கள் போங்கோ, நான் பிழை சொல்லமாட்டன். நானும் என்ர சட்டியும் மேல இருப்பம்."

இருபத்தேழு வருடத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. பேசி முடித்துவிட்டு, கொதிக்கிற சட்டியைச் சீலைத் தலைப்பால் பிடித்துத் தூக்கிக்கொண்டு அறுபத்து மூன்று படியும் ஏறினாள், மேலே போய்க் கதவைச் சாத்தினாள், மூச்சு வாங்கியது, மனம் மட்டும் இலேசாக இருந்தது.

அந்த வாரம் இராசநாயகத்தின் சூட்கேசு அறை நடுவில் திறந்தபடி கிடந்தது, ஒரு கம்பளிச் சட்டை உள்ளே போயிற்று, மறுநாள் வெளியே வந்தது. தவமலர் கேட்கவில்லை. அவர் போய்விட்டால் இந்த வீடு எவ்வளவு பெரிதாகிவிடும் என்று மட்டும் பாத்திரம் கழுவும்போதெல்லாம் நினைத்துக்கொண்டாள், அது பயமாக இருந்தது.

கடைசி ஞாயிறு அவள் வழக்கம்போல ஆறு மணிக்கு அடுப்பை மூட்டினாள். புளி ஊறப்போட்டவள், கரைக்காமல் கோப்பையை ஒரு பக்கம் வைத்தாள். ஏழு மணிக்கே இராசநாயகம் "குப்பை போட்டிட்டு வாறன்" என்று இறங்கினார். குப்பைப் பை கதவடியிலேயே இருந்தது. எட்டானது, ஒன்பதானது, சூகோ சிணுங்கியது, முற்றத்துப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதரைக்குப் படிக்கட்டில் மரம் கல்லில் மோதுகிற ஓசை கேட்டது, பிறகு ஒரு மூச்சு, பிறகு இன்னொரு மோதல்.

தவமலர் போய்ப் பார்க்கவில்லை. அடுப்படியில் நின்றபடி எண்ணினாள். இருபத்தொன்றில் நினெட்டாவின் குரல் தண்ணீர் குடியுங்கள் என்றது. முப்பதில் நுன்சியோ, "ராசா, உன் முழங்கால்!" என்று கத்தினார், "அதுவும் வரட்டும்" என்று இராசநாயகம் சொன்னது கேட்டது. நாற்பத்திரண்டில் எமில்டாவும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் கூடத் தள்ள வந்ததுபோலக் காலடிகள் கூடின. நாற்பத்தொன்பதாம் படிக்கு வந்ததும் மோதுகிற ஓசை நின்றுவிட்டது. கனநேரம் ஒன்றும் கேட்கவில்லை, பிறகு எமில்டா மெல்லிய குரலில், "அண்ணை கையை எடுத்திட்டார், அது தானா வருது" என்றாள். தும்மலுக்கும் கண்சிமிட்டலுக்கும் காத்திராமல், எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்கவே வந்தது.

அவள் கதவைத் திறந்தாள். வாசலில் பீப்பாய் நின்றது, பக்கத்தில் வியர்த்து ஊற்றி, ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இராசநாயகம் நின்றார்.

"மாப்பிள்ளை வந்திருக்கிறார்" என்றார்.

"எந்த மாப்பிள்ளை?" என்றாள் தவமலர்.

எமில்டா வாழைப்பழத் துண்டுகளில் திரி குத்திக் கொளுத்திய தட்டோடு வந்தாள், இரண்டு பெண்களுமாக ஆலாத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளையின் காலைக் கழுவுவது பெண்ணின் சகோதரன் செய்கிற வேலை. "எனக்கு இஞ்ச சகோதரம் இல்லை, நானே கழுவுறன்" என்று தவமலர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பீப்பாயின் அடிவளையத்தில் ஊற்றினாள், ஊற்றிவிட்டுச் செம்பைப் பார்த்தாள், பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைக் குனிந்து இராசநாயகத்தின் இரண்டு காலிலும் ஊற்றினாள். வீங்கியிருந்த கால்கள் அவை, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

குசினிக்குள் பீப்பாயை அடுப்புக்குப் பக்கத்தில் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். பழைய வீடு, நிலம் சரிவு, பீப்பாய் உருளப் பார்த்தது. முட்டுக்கொடுக்க ஏதாவது கொண்டு வாருங்கள் என்று நுன்சியோ கத்தினார். இராசநாயகம் நொண்டி நொண்டி அறைக்குள் போனார், கம்பளிச் சட்டைகளைக் கட்டிலில் கொட்டுகிற சத்தம் கேட்டது, நீலச் சூட்கேசை இழுத்துக்கொண்டு வந்து பீப்பாய்க்குக் கீழே கொடுத்து, காலால் ஒரு உதை உதைத்து இறுக்கினார். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. தவமலர் அதைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு கண் கலங்கியது தெரியாமல் இருக்கச் சட்டிப் பக்கம் திரும்பிக் கிண்டினாள்.

நுன்சியோ குழாயைத் திருகினார். கறுத்துச் சிவந்த வைன் சத்தமில்லாமல் வந்தது. முதல் கோப்பையைத் தவமலரே வாங்கிச் சட்டிக்குள் ஊற்றினாள், சட்டி ஒருதரம் சீறிவிட்டு அடங்கியது, பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திறந்தபோது வாசம் பட்டுச் சந்து முனை வரைக்கும் சனம் பேச்சை நிறுத்தியது.

இரண்டாம் கோப்பையை அவள் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். சட்டம் அவள் போட்டது, எடுக்க வேண்டியதும் அவள்தான். ஒரு வாய் சூகோ சாப்பிட்டாள், கொழுப்பு வழக்கம்போல நாக்கில் படிந்து கேட்டது, இம்முறை அவள் பதில் கொடுத்தாள்: ஒரு மிடறு. துவர்ப்பு வந்து நாக்கைத் துடைத்தது, தக்காளியும் திராட்சையும் புளிப்பில் ஒன்றையொன்று கண்டுகொண்டன, வறுத்த தூளின் உறைப்பு பின்னாலே மெல்ல ஏறி வந்தது, அடுத்த வாய்க்கு வாய் தானாகத் திறந்தது. இத்தனை வருடமும் இதை விட்டுவிட்டு இருந்தேனே என்று அவளுக்கு வெட்கமாகவும் சந்தோசமாகவும் இருந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார் இராசநாயகம்.

"இனி நீங்கள் குப்பை போடப் போகத் தேவையில்லை" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது, விமானம் நேரத்துக்குப் போயிற்று. பின்னேரம் அண்ணர் தொலைபேசியில் கூப்பிட்டு, விமான நிலையத்தில் மூன்று மணித்தியாலம் நின்றேன், எங்கேயடா நீ, எப்போது வருகிறாய் என்று சத்தம் போட்டார். இராசநாயகம் குசினிக் கதிரையில் காலை நீட்டி, முழங்காலுக்குத் தவமலர் நல்லெண்ணெய் பூசிக்கொண்டிருக்க, கோப்பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"வரேலாது அண்ணை. சூட்கேசு வேலையில நிக்குது."